ஆயில் ஒழுகும் பழைய கார், ஆயில் குடிக்கும் பழைய கார்: அறிகுறியைப் பார்த்துப் பழுது தேடும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் வீட்டு வாசல்களில் இன்னும் அடிக்கடி கண்ணில் படுபவை டொயோட்டா டாஸ், சிட்டி கோல்ஃப், நிசான் 1400 பக்கி (பின்பெட்டி வைத்த சின்னச் சுமை வண்டி). டாஸ் உற்பத்தி 2006இல் நின்றது, நிசான் பக்கி 2008இல், சிட்டி கோல்ஃப் 2009இல். கடைசியாக வந்த வண்டிக்கே 15 வயதைத் தாண்டிவிட்டது. அதிலுள்ள ரப்பர் காய்ந்து கல்லாகி ஆயிலை விடுவதில் ஆச்சரியம் இல்லை. 20 ராண்டு வளையம் போட வேண்டிய இடத்தில் கியர்பாக்ஸையே இறக்குவதுதான் ஆச்சரியம், அது வாரந்தோறும் நடக்கிறது. அதனால், வண்டியை எடுக்காதீர்கள் என்று சொல்லும் இடங்கள் தவிர, எந்த அறிகுறியானாலும் முதலில் கீழே உள்ள இரண்டு சோதனைகளையும் முடித்துவிடுங்கள். காசு செலவில்லை.

## எல்லாவற்றுக்கும் முன்: இரண்டு சோதனை

அளவு. "ரொம்ப ஆயில் குடிக்குது" என்பது கணக்கில்லை. எஞ்சினை நிறுத்தி 10 நிமிடம் கழித்து, சமதளத்தில் டிப்ஸ்டிக் பாருங்கள். சாட்ஸ்வர்த் வீடுகளின் சரிவான டிரைவ்வேயில் மூக்கைக் கீழே வைத்து நிற்கும் வண்டியின் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். பெட்ரோல் பங்க்கில் நிற்கும்போது பார்ப்பது மேல். மேல் கோடு வரை ஊற்றி, கிலோமீட்டரைக் குறித்துவையுங்கள். 500 கி.மீ. ஓடியபின் மறுபடி அதே கோட்டுக்குக் கொண்டுவர எத்தனை மி.லி. பிடித்தது என்று அளவு போட்ட பாட்டிலால் பாருங்கள். 200 மி.லி. பிடித்தால் 1000 கி.மீ.க்கு 400 மி.லி. பெரும்பாலான சிறிய கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையில் சுமார் 1 லிட்டர்.

1000 கி.மீ.க்கு 300 மி.லி.க்குள் என்றால் எஞ்சினைத் திறக்க வேண்டாம், ஊற்றி ஓட்டுங்கள். அதற்கு மேல் போனால் தேடத் தொடங்கலாம். 1 லிட்டரைத் தாண்டினால் கம்ப்ரெஷன் சோதனை (நீலப் புகைப் பகுதியில் இருக்கிறது) இல்லாமல் எந்தப் பொருளும் வாங்காதீர்கள்.

மூச்சு. சூடான எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாய்மேல் ரொட்டி உறை மாதிரி மெல்லிய பிளாஸ்டிக்கை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தாலும், அசையாமல் கிடந்தாலும் நல்லது. பலூன் மாதிரி உப்பி எகிறினால் எஞ்சினுக்குள் காற்றழுத்தம் தேங்குகிறது. எஞ்சினின் உச்சியை மூடும் டேப்பெட் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்கோ இன்டேக்குக்கோ போகும் ப்ரீதர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கறுப்புக் களிம்பு அடைத்திருக்கும், அல்லது குழாய் மடங்கி ஒட்டியிருக்கும். பி.சி.வி. வால்வு (அந்தக் குழாயில் காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் சின்ன வால்வு) இருந்தால் கழற்றிக் குலுக்குங்கள், 'கடகட' என்று ஆட வேண்டும். ஆடாவிட்டால் மாற்றுங்கள். குழாயைக் கார்புரேட்டர் கிளீனரால் கழுவி, காய்ந்தபின் மாட்டி மறுபடி சோதியுங்கள்.

அடைத்த ப்ரீதரோடு புது சீல் போட்டால் இரண்டு மாதத்தில் அதுவும் ஒழுகும். சுத்தம் செய்தபின்னும் உறை 'புஸ் புஸ்' என்று துடித்து எகிறினால் பிஸ்டனைச் சுற்றிய வளையமான பிஸ்டன் ரிங்கைச் சந்தேகியுங்கள். நீலப் புகைப் பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: காலையில் வண்டிக்கடியில் கறை

ராத்திரி பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து எஞ்சினுக்கடியில் விரியுங்கள். அட்டையில் முன் சக்கரங்கள் இருக்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிட்டால் காலையில் சொட்டு விழுந்த இடம் தெரியும். சரிவில் நின்றால் சொட்டு தாழ்வுப் பக்கம் நகர்ந்து விழும், அதையும் கணக்கில் எடுங்கள்.

கறையின் அகலத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தால்தான் 1 மி.லி. ராத்திரிக்குப் பத்துச் சொட்டு என்றால் மாதம் 15 மி.லி.தான். ஓடும்போது சொட்டுவது இதைவிடக் கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் மாதம் அரை லிட்டர் குறைகிற வண்டியில் அட்டைமேல் பத்துச் சொட்டுதான் இருந்தால், மீதி எங்கோ எரிகிறது என்று சந்தேகப்படுங்கள்.

### கறை எஞ்சின் ஆயில்தானா?

விரலில் தொட்டு வெள்ளைத் தாளில் தேயுங்கள். தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருந்தால் ஏசி நீர். பச்சையோ சிவப்போ, இனித்த வாடையோடு இருந்தால் ரேடியேட்டர் நீர். சிவந்து மெலிந்திருந்தால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டியரிங் ஆயில். தடித்து, அழுகிய முட்டைபோல் கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். சக்கரத்தின் உட்பக்கம் வெளிர் மஞ்சள் ஈரம் இருந்தால் பிரேக் ஆயில். அந்த வண்டியை எடுக்காதீர்கள், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

### ஆயில் மாற்றிய ஓரிரு நாளில் தொடங்கியதா?

மூன்றே காரணம். முதலாவது, பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புது ஃபில்டர் ஏறியிருக்கும். இரட்டை வளையம் சில நிமிடத்தில் மொத்த ஆயிலையும் வெளியே தள்ளிவிடக் கூடும். எஞ்சினை ஓட்டிப் பார்க்காமல் கழற்றிப் பாருங்கள். புதியதின் வளையத்தில் ஆயில் தடவி, கையால் சுற்றி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று. ஸ்பானர் வேண்டாம். இரண்டாவது, சம்ப் (எஞ்சினடியில் ஆயில் தங்கும் தொட்டி) போல்ட்டின் நசுங்கிய பழைய வாஷரை மறுபடி போட்டிருப்பார்கள். வாஷரை மட்டும் மாற்றுங்கள். ஒழுகுகிறதே என்று போல்ட்டை மேலும் முறுக்கினால் அலுமினிய சம்ப்பில் மரை போய்விடும். மூன்றாவது, ஊற்றும்போது சிந்தியது. துடைத்தால் தீர்ந்தது.

### எங்கிருந்து என்று தெரியவில்லை, எல்லாம் ஈரம்

கழுவாமல் தேடுவது வீண். டிஸ்ட்ரிப்யூட்டர், ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர் வாய் மூன்றையும் பிளாஸ்டிக் பையால் கட்டி, ஆறிய எஞ்சினில் டிகிரீசர் அடித்து, 15 நிமிடம் விட்டு, மெல்லிய நீரால் கழுவுங்கள். காய்ந்தபின் பாதப் பவுடரைத் தூவி 10 கி.மீ. ஓட்டிவிட்டு டார்ச்சோடு மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஆயில் கீழேயும், ஓடும் காற்றில் பின்னோக்கியும்தான் போகும். ஆகவே ஈரமான இடங்களில் எது உயரமோ, எது முன்னாலோ அதுதான் திருடன். கீழே சொட்டும் இடம் வெறும் வாசல்.

அடியில் நுழைய வேண்டியிருந்தால் சமதளத்தில், ஸ்டாண்ட் மேல் வைத்து மட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் தலையை உள்ளே விடக் கூடாது.

### மேலே, டேப்பெட் கவர் ஓரம் ஈரம்

பழைய வண்டியில் முதலில் ஒழுகும் இடம் இதுதான், வீட்டிலேயே செய்யக்கூடியது. போல்ட் தளர்ந்திருந்தால் மெல்ல முறுக்குங்கள். 5 முதல் 8 நியூட்டன் மீட்டர் போதும், அதாவது சின்ன ராட்செட்டை இரண்டு விரலால் பிடித்து நிற்கும் வரை. மேலும் முறுக்கினால் தகர கவர் போல்ட்டுகளுக்கு நடுவே வளைந்து, முன்னைவிட ஒழுகும். கேஸ்கெட் ஓரத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழவில்லையென்றால் ரப்பர் செத்துவிட்டது, மாற்றுங்கள். கவரின் விளிம்பைத் தட்டையான பரப்பில் வைத்துப் பார்த்து, வளைந்திருந்தால் பின்புறம் தட்டி நேராக்குங்கள். சிலிகான் பசையை மூலைகளில் ஒரு பருக்கை அளவு மட்டும் வையுங்கள். சுற்றிலும் தாராளமாகப் பிழிந்தால் உள்ளே பிதுங்கிய புழு பிய்ந்து, சம்ப்பின் சல்லடையில் போய் அடைக்கும். எஞ்சினையே கொன்றுவிடும்.

### கியர்பாக்ஸ் பக்கம் சொட்டு

இங்கேதான் பணம் வீணாகிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் "ரியர் மெயின் சீல் போச்சு" என்பார்கள், அதாவது எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் கியர்பாக்ஸ் பக்க சீல். டாஸின் 2ஈ எஞ்சினில் டிஸ்ட்ரிப்யூட்டர் (பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் பாகம்), எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டில், அந்தப் பக்க முனையில்தான் பொருந்தியிருக்கிறது. அதன் அடி ஓ-ரிங் காய்ந்ததும் ஆயில் ஹெட்டின் முனை வழியாக வழிந்து, கிளட்ச்சை மூடிய கூடான பெல்ஹவுசிங் மேல் இறங்கி, ரியர் சீல் ஒழுகும் அதே இடத்தில் சொட்டும். ஆகவே வரிசை இது:

முதலில் டிஸ்ட்ரிப்யூட்டரின் அடியில் விரல் விட்டுத் தடவுங்கள். ஈரமாக இருந்தால் அது நிற்கும் இடத்தை டிஸ்ட்ரிப்யூட்டரின் உடம்பிலும் ஹெட்டிலும் சேர்த்து ஒரு கோடு கீறிக் குறித்து, போல்ட்டைக் கழற்றி வெளியே இழுங்கள். பழைய வளையத்தின் அளவில் புதியது வாங்கி, ஆயில் தடவி, கோடு பொருந்தும்படி மாட்டுங்கள். கோட்டைக் கீறாமல் கழற்றினால் டைமிங் தவறி, வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

அது காய்ந்திருந்தால் டேப்பெட் கவரின் பின் மூலை. அதன்பின் ஆயில் பிரஷர் ஸ்விட்ச். ஒயர் முனையைக் கழற்றினால் உள்ளே ஆயில் நின்றால் அதுவே குற்றவாளி, ஸ்பானர் போட்டு மாற்றினால் முடிந்தது. இந்த மூன்றும் காய்ந்து, பெல்ஹவுசிங்கின் அடி ஓட்டையிலிருந்து மட்டும் சொட்டினால்தான் ரியர் சீல். கந்தக வாடை அடித்தால் அதுகூட இல்லை, கியர்பாக்ஸின் இன்புட் சீல்.

ரியர் சீல் வீட்டு வேலை இல்லை. கியர்பாக்ஸ் இறங்கும்போது கிளட்ச் தட்டையும் பாருங்கள். ஆயில் பட்டிருந்தால் அதையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், இரண்டாம் முறை இறக்கும் கூலி மிச்சம். கிளட்ச் வழுக்காமல், வாரத்துக்குச் சில சொட்டு மட்டும் என்றால் கிளட்ச் மாற்றும் நாள் வரை காத்திருக்கலாம்.

### பெல்ட் பக்கம் சொட்டு

இங்கே ஒழுகுபவை கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) சீல், கிராங்க் சீல். பழைய 1.6, 1.8 சிட்டி கோல்ஃபில் இவற்றுக்கு நடுவே இன்டர்மீடியட் ஷாஃப்ட் சீலும் உண்டு, ஒன்று ஒழுகினால் மூன்றையும் மாற்றுவது புத்திசாலித்தனம். இந்தக் கசிவைத் தள்ளிப்போடாதீர்கள். ஆயில் குடித்த டைமிங் பெல்ட் ஊறிப் பல் உதிரும், அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வு வளையும். பெல்ட் கவரின் மேல் போல்ட்டை எடுத்து எட்டிப் பாருங்கள். பெல்ட் பளபளவென்று ஈரமாக இருந்தால் மெக்கானிக்கிடம் விட்டு சீல், பெல்ட், டென்ஷனர் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். கிராங்க்கில் பழைய சீல் உதடு பள்ளம் வெட்டியிருந்தால், புதியதை ஓரிரு மி.மீ. ஏற்றியோ இறக்கியோ போடச் சொல்லுங்கள். அதே பள்ளத்தில் உட்கார்ந்த புது சீல் நாளையே ஒழுகும்.

நிசான் 1400இல் பெல்ட் இல்லை, செயின். அங்கே இந்தப் பயம் கிடையாது, ஒழுகல் மட்டும்தான்.

### நடுவில், சம்ப்பிலிருந்து

போல்ட் வாஷர், சம்ப் கேஸ்கெட், மூன்றாவதாகக் கடலோரத்துக்கே உரியது: துரு. இசிபிங்கோ, பிளஃப் பக்கம் உப்புக் காற்றில் நிற்கும் வண்டியின் தகர சம்ப், பெயின்டுக்கடியில் அரித்து ஊசி ஓட்டை விழும். பெயின்ட் கொப்புளித்த இடத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள், குத்தாதீர்கள். எப்பாக்ஸி பூசினால் சில மாதம் தாங்கும். ஸ்கிராப்யார்டில் வேறு சம்ப் வாங்கி மாற்றுவதுதான் தீர்வு.

## அறிகுறி: கறை இல்லை, எரிந்த வாடை மட்டும்

ஏற்றம் ஏறி நின்றதும் பானட் இடுக்கில் வாடையும் மெல்லிய புகையும் வந்தால், டேப்பெட் கவர் ஒழுகல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்து எரிகிறது. தரைக்கு வந்து சேர மிச்சமே இல்லை. கேஸ்கெட்டை அந்த வாரமே மாற்றுங்கள். மேனிஃபோல்டைச் சுற்றிய வெப்பத் தகட்டின் பின்னால் ஊறிய அழுக்கையும் கழுவிவிடுங்கள், அது தீப்பிடிக்கும்.

## அறிகுறி: எக்ஸாஸ்டில் நீலப் புகை

நிறத்தை முதலில் உறுதி செய்யுங்கள். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், கார்புரேட்டர் வேலை. விடாமல் வரும் வெள்ளை, இனித்த வாடையோடு, ரேடியேட்டர் நீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். நீலம்தான் ஆயில். அது எப்போது வருகிறது என்பதே விடை.

### காலை ஸ்டார்ட்டில் ஒரு குபுக், பிறகு இல்லை

வால்வு சீல். இரவெல்லாம் வால்வு தண்டு வழியாக இறங்கிய ஆயில் காலையில் எரிகிறது. பழைய டாஸ் எஞ்சினின் பழக்கமான நோய். 1000 கி.மீ.க்கு 300 மி.லி.க்குள் என்றால் விட்டுவிடலாம்.

### இறக்கத்தில் மிதியை விட்டு, மறுபடி மிதிக்கும்போது

க்ளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு ஃபீல்ட்ஸ் ஹில் இறங்குங்கள், காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்து கியரிலேயே. அடியில் மறுபடி மிதித்ததும் கண்ணாடியில் பின்னால் பாருங்கள். நீல மேகம் எழுந்தால் வால்வு சீல், கூடவே வால்வு கைடும் தேய்ந்திருக்கலாம். ரோபோவில், அதாவது டிராஃபிக் லைட்டில், இரண்டு நிமிடம் நின்று கிளம்பும்போது வருவதும் இதே இனம்.

ஹெட்டை இறக்காமலே சீல் மட்டும் மாற்றலாம். பிளக் ஓட்டை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்தோ, நைலான் கயிற்றைத் திணித்துப் பிஸ்டனை மேலேற்றியோ வால்வு விழாமல் பிடிப்பார்கள். ஸ்பிரிங்கை அழுத்தும் கருவியும் பழகிய கையும் வேண்டும், மெக்கானிக்கிடம் விடுங்கள். அவர் சீலைக் கழற்றியதும் வால்வைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கைடு ஆடினால் புது சீல் நிற்காது. ஹெட் இறங்கி எஞ்சினியரிங் ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும்.

### ஏற்றத்தில், இழுக்கும்போது

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி டவுன் ஹில்லில் ஆளும் சாமானும் ஏற்றி ஏறும்போது விடாமல் நீலம் வந்தால் ரிங். முடிவு கட்டுமுன் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் அந்த சிலிண்டரோடு பிரச்சினை, நான்கும் என்றால் மொத்தத் தேய்மானம்.

பிறகு கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம். சூடான எஞ்சின், நான்கு பிளக்கும் வெளியே, காயில் ஒயர் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, ஒவ்வொரு சிலிண்டரின் பிளக் ஓட்டையிலும் கம்ப்ரெஷன் கேஜை வைத்து, காற்று 5, 6 முறை அமுங்கும் வரை ஸ்டார்ட்டரால் சுற்ற விடுங்கள். கடலோரத்தில் நல்ல எஞ்சின் 11 முதல் 13 பார் காட்டும். 9க்குக் கீழே போனாலோ, ஒன்றுக்கொன்று 1 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ கோளாறு. ஜோஹான்னஸ்பர்க்கில் சோதித்தால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் காற்றே ஐந்தில் ஒரு பங்கு குறைவு, டர்பனில் 12 காட்டும் எஞ்சின் அங்கே 10 பக்கம்தான் காட்டும். அதை வைத்து "எஞ்சின் போச்சு" என்று சொன்னால் நம்பாதீர்கள். நான்கின் வித்தியாசத்தைப் பாருங்கள்.

குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி சோதியுங்கள். அளவு துள்ளி ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்). ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இதற்குமேல் வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை.

## அறிகுறி: ஒழுகலும் இல்லை, புகையும் இல்லை, அளவு மட்டும் குறைகிறது

முதலில் டிப்ஸ்டிக் பார்த்த இடம் சமதளமா என்று கேளுங்கள், பாதி வழக்கு அங்கேயே முடியும். அடுத்து ஓடும்போது மட்டும் ஒழுகுகிறதா: நெடுவழி போய் வந்ததும் அடித்தளமும் பின் பம்பரும் எண்ணெய்த் தூசியாக இருக்கும். கடைசியாக ரேடியேட்டர் மூடியைத் திறந்து (ஆறியபின் மட்டும்) மேலே ஆயில் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் மெல்ல எரிகிறது. புகை கண்ணுக்குத் தெரியாமலே 1000 கி.மீ.க்கு 300, 400 மி.லி. எரியும்.

மெலிந்த ஆயில் ஊற்றியிருந்தால் தடித்ததற்கு மாறுங்கள். டர்பன் குளிருக்கு 20டபிள்யூ-50 மினரல் ஆயில் பழைய எஞ்சினில் தாராளமாகப் போகும். ஜோஹான்னஸ்பர்க் பக்கத்து மேட்டுநிலமான ஹைவெல்டின் உறைபனிக் காலைகளில் 15டபிள்யூ-40 மேல்.

## அறிகுறி: அளவு ஏறுகிறது, அல்லது ஆயில் பால்போல்

டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டர் வண்டிகளில் எஞ்சினில் பொருத்திய பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் கிழிந்து உள்ளே இறங்குகிறது. வண்டியை ஓட்டாதீர்கள். பம்பையும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட்.

மூடியின் அடியில் மட்டும் வெளிர் மஞ்சள் களிம்பு, டிப்ஸ்டிக் சுத்தம், ரேடியேட்டர் நீர் குறையவில்லை என்றால் அது வெறும் ஈரப்பதம். கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடும் வண்டியில், டர்பன் புழுக்கத்தில் இது சகஜம். ஒரு மணி நேரம் நெடுவழியில் ஓட்டினால் போய்விடும். டிப்ஸ்டிக்கே பால்போல் இருந்தால் ஹெட் கேஸ்கெட். வண்டி டிரக்கில்தான் ஒர்க்‌ஷாப் போக வேண்டும்.

## அறிகுறி: ஏர் ஃபில்டரில் ஆயில்

மேல் கோட்டுக்கு மேலே ஊற்றியிருக்கிறார்களா? முதல் சந்தேகம் அதுதான். மிஞ்சிய ஆயிலைக் கிராங்க் அடித்து நுரையாக்கி ப்ரீதர் வழியே தள்ளும். வடித்துச் சரிசெய்யுங்கள். அளவு சரியென்றால் ப்ரீதர், அதுவும் சரியென்றால் ரிங்.

## அறிகுறி: சிவப்பு ஆயில் விளக்கு

அது அளவு காட்டும் விளக்கு இல்லை, அழுத்தம் காட்டுவது. ஓடும்போது எரிந்தால் அடுத்த ஆஃப்ராம்ப் (நெடுவழியை விட்டு இறங்கும் பாதை) வரை என்று இழுக்காதீர்கள், ஓரம் கட்டி உடனே நிறுத்துங்கள். வளைவில் மட்டும் கண் சிமிட்டினால் ஆயில் குறைவு, ஊற்றிவிட்டுப் பாருங்கள். சூடான ஐடிலில் மட்டும் சிமிட்டினால் முதலில் ஸ்விட்சை மாற்றுங்கள், அதன்பின் மெக்கானிக்கின் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் உண்மையிலேயே குறைவென்றால் பேரிங் அல்லது பம்ப்.

## கசிவு நிறுத்தும் மருந்து?

காய்ந்த ரப்பர் சீலைச் சற்று ஊறவைக்கும், அவ்வளவே. கேஸ்கெட்டுக்கும் கிழிந்த சீலுக்கும் தேய்ந்த ரிங்குக்கும் வேலை செய்யாது. ரியர் சீல் மெல்லக் கசிந்து, கிளட்ச் நாளுக்காகக் காத்திருக்கும் வண்டிக்கு ஒரு பாட்டில் நியாயம். இரண்டாவது பாட்டில் வீண்.

## ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது

விற்கப் போகிற வண்டியானால் கசிவை முன்னதாகவே முடியுங்கள். பெயர் மாற்ற ரோட்வொர்த்தி (வண்டி சாலைக்குத் தகுதி என்ற சான்றிதழ்) வேண்டும், சொட்டும் ஆயிலைச் சோதனை மையம் தள்ளிவிடும். கழுவித் துடைத்துக் கொண்டுபோனால் போதும் என்று நினைப்பவர்கள் பலர், சூடான எஞ்சின் வரிசையில் நிற்கும்போதே சொட்டத் தொடங்கிவிடும்.

மெக்கானிக்கிடம் "ஆயில் குடிக்குது" என்று சொல்லாதீர்கள். 1000 கி.மீ.க்கு எத்தனை மி.லி., புகை எப்போது, அட்டைமேல் எங்கே, உறை உப்பியதா இல்லையா, கம்ப்ரெஷன் எண்கள் நான்கு: இவற்றைத் தாளில் எழுதிக் கொடுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். அந்த ஓ-ரிங் உண்மையிலேயே கல்லாகியிருந்ததா என்று விரலால் வளைத்தால் உடைந்து காட்டும்.

ரிங் வேலை என்று வந்துவிட்டால், போர் செய்து பிஸ்டன் போடும் செலவையும் ஜப்பானிலிருந்து வந்த பழைய இம்போர்ட் எஞ்சின் விலையையும் எழுத்தில் வாங்கி ஒப்பிடுங்கள். இம்போர்ட் எஞ்சினையும் ஸ்டாண்டில் வைத்தே கம்ப்ரெஷன் பார்த்து, டேப்பெட் கவரைத் திறந்து கறுத்த களிம்பு இல்லையென்று கண்ட பிறகே பணம் கொடுங்கள். எஞ்சின் எண் மாறுவதால் போலீஸ் கிளியரன்ஸும் பதிவில் திருத்தமும் தேவை. விற்பவரிடம் ரசீதில் அந்த எண்ணை எழுதி வாங்காமல் எஞ்சினை பக்கியில் ஏற்றாதீர்கள்.